வாரிசு இல்லாத நிலமும் அரசரின் அலுவலரும்

ஒன்பதாம் வகுப்பில் இடைக்கால ஐரோப்பாவை நடத்தும்போது கரும்பலகையில் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் வரைகிறோம். உச்சியில் அரசர், அவருக்குக் கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே நைட்டுகள், அடியில் உழுபவர்கள். நிலம் மேலிருந்து கீழே இறங்குகிறது. போர்ச் சேவையும் விசுவாசமும் கீழிருந்து மேலே போகின்றன. படம் சரிதான். ஆனால் அது ஒரே ஒரு நாளைத்தான் காட்டுகிறது. நிலத்தை வைத்திருந்தவர் மறுநாள் இறந்துபோனால் என்ன ஆகும்? அவருக்குப் பிள்ளை இல்லாவிட்டால்? இருக்கிற ஒரே பிள்ளை தொட்டிலில் கிடந்தால்? கொடுத்த நிலம் திரும்பி மேலே போகும் வழி எது? அதை யார் போய் வாங்கி வருவார்?

இங்கிலாந்தில் அந்த வேலைக்கென்றே ஓர் அரசு அலுவலர் இருந்தார். அவருக்குப் பெயர் எஸ்சீட்டர். நம் பாடநூல்களில் அவருக்கு இடம் இல்லை. இருக்க வேண்டும் என்று வாதாடவும் நான் வரவில்லை. ஆனால் சில ஆண்டுகளாக என் வகுப்பில் நிலப்பிரபுத்துவத்தை இவரை வைத்தே நடத்தி வருகிறேன். பிரமிடு படத்தைவிட இவர் மாணவர்களுக்கு எளிதாகப் புரிகிறார். காரணம், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த குடும்பம் ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டாவது இருக்கிறது.

விழுந்து வந்த நிலம்

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் அந்நாட்டு நிலம் முழுவதும் இறுதியில் அரசருடையது என்ற கொள்கை நிலைபெற்றது. மற்றவர்கள் நிலத்தை 'வைத்திருப்பவர்கள்' மட்டுமே. அரசரிடமிருந்து நேரடியாகப் பெற்றவர் ஒருவர். அவரிடமிருந்து பெற்றவர் இன்னொருவர். இப்படியே சங்கிலி நீளும். 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேடு நாடு முழுவதையும் இந்தக் கண்ணோடுதான் எழுதி வைத்தது.

வைத்திருந்தவர் வாரிசின்றி இறந்தால் நிலம் அதைக் கொடுத்த மேலாளரிடமே திரும்பும். இதற்கு எஸ்சீட் என்று பெயர். பழைய பிரெஞ்சுச் சொல். 'விழுந்தது', 'பங்காக வந்து விழுந்தது' என்று பொருள். பழம் பழுத்து மரத்தடியில் விழுவதுபோல நிலம் அதன் மூலத்தில் போய் விழுகிறது. பெருங்குற்றம் செய்தவரின் நிலமும் இப்படித்தான். ஓராண்டும் ஒரு நாளும் அரசர் வைத்திருப்பார். பிறகு அது மேலாளரிடம் போகும். துரோகக் குற்றமென்றால் முழுவதும் அரசருக்கே.

அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர்கள் விஷயத்தில் மேலாளர் அரசரே. ஆகவே அவர்களில் யார் இறந்தாலும் அரசருக்கு அதில் அக்கறை உண்டு. வாரிசு இல்லையென்றால் நிலம் அவருடையது. வாரிசு வயது வந்தவரென்றால் ஒரு தொகை செலுத்திவிட்டு நிலத்தைப் பெற வேண்டும். வாரிசு சிறுவரென்றால் அவர் வளரும் வரை நிலத்தின் வருமானம் அரசருக்கு. அதோடு அந்தப் பிள்ளைக்கு யாரை மணமுடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அரசருக்கு! இந்த உரிமைகளை அரசர் விற்கவும் பரிசளிக்கவும் செய்தார். ஆங்கில ஆசிரியர்களுக்குத் தெரிந்த ஒருவர் பெயரையே சொல்லலாம். கென்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறுவனின் பாதுகாவல் உரிமை 1375-இல் கவிஞர் ஜெஃப்ரி சாசருக்கு அரசரால் வழங்கப்பட்டது. அதில் அவருக்குக் கிடைத்தது 104 பவுண்டு. அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

1232-இல் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில் இந்த வேலைக்குத் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். பின்னர் டிரென்ட் ஆற்றுக்கு வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் என்று நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டில் அவர்களின் எல்லைகள் குறுகின; எண்ணிக்கை கூடியது. லண்டன் நகரத்தில் 1327 முதல் மேயரே எஸ்சீட்டர்.

போஸ்ட்மார்ட்டம், ஆனால் உடலுக்கு அல்ல

ஒருவர் இறந்த செய்தி வந்ததும் அரசரின் எழுத்தகத்திலிருந்து எஸ்சீட்டருக்கு ஓர் ஆணை போகும். இன்னார் தம் கடைசி நாளை முடித்துக்கொண்டார் என்று அது லத்தீனில் சொல்லும். எஸ்சீட்டர் நிலத்தை அரசரின் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வட்டாரத்து ஆட்களைப் பன்னிரண்டு பேர் அளவில் கூட்டி உறுதிமொழி வாங்குவார். பிறகு கேள்விகள். இறந்தவர் எந்த நாளில் இறந்தார்? அவரிடம் என்னென்ன நிலம் இருந்தது? யாரிடமிருந்து, என்ன சேவைக்காக வைத்திருந்தார்? ஆண்டு வருமானம் எவ்வளவு? அடுத்த வாரிசு யார்? அவருக்கு என்ன வயது?

இந்த விசாரணையின் பெயரில் 'போஸ்ட் மார்ட்டம்' என்ற லத்தீன் தொடர் உண்டு. 'இறப்புக்குப் பின்' என்பதே அதன் நேர்ப்பொருள். மாணவர்கள் உடனே ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பரிசோதிக்கப்படுவது நிலம் என்று சொன்னால் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

பன்னிருவர் சொன்ன பதில் தோல் தாளில் எழுதப்பட்டு, அவர்கள் முத்திரையும் இடப்பட்டு, எழுத்தகத்துக்குப் போகும். 1230-களில் தொடங்கிய இந்த ஆவணங்கள் நானூறு ஆண்டுகள் தொடர்ந்தன. லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அரசருக்கு வருமானம் கணக்கிடத்தான் இவை எழுதப்பட்டன. ஆனால் இன்று வரலாற்றாசிரியர்கள் இவற்றில் தேடுவது வேறு. ஒரு கிராமத்தில் எத்தனை ஏக்கர் உழவு நிலம், எத்தனை ஏக்கர் புல்வெளி, புறாக்கூடு இருந்ததா, மீன்குளம் இருந்ததா, காற்றாலைக்கு என்ன வாடகை என்பதெல்லாம் இதில் கிடைக்கிறது. கொள்ளைநோய் பரவிய 1349-இல் எழுதப்பட்டவற்றைப் பார்த்தால், ஆலைக்கு மதிப்பு இல்லை, குடியானவர்கள் எல்லாம் இறந்துவிட்டார்கள் என்று மறுபடி மறுபடி வருகிறது. கருப்பு மரணம் பற்றிய எந்தப் பத்தியும் எனக்கு இந்த வறண்ட வரிகள் அளவுக்கு உறைத்ததில்லை.

மதிப்பீடுகளை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. பல நிலங்களின் வருமானம் உண்மையைவிடக் குறைத்தே காட்டப்பட்டது என்பதில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒன்றுபடுகிறார்கள். பத்திரப் பதிவில் வழிகாட்டி மதிப்பையும் சந்தை மதிப்பையும் பார்த்திருக்கும் நமக்கு இது புதிதல்ல.

ஏமாற்று என்ற சொல்

இப்போது ஒரு சொல்லைப் பார்ப்போம். தேர்வறையில் துண்டுத்தாள் வைத்திருந்தால் 'சீட்டிங்' என்கிறோம். காவல் நிலையத்தில் 'சீட்டிங் கேஸ்' பதிவாகிறது. அந்த 'சீட்' என்ற ஆங்கிலச் சொல் எஸ்சீட் என்பதன் முதல் அசை தேய்ந்து வந்தது. எஸ்சீட்டர்தான் 'சீட்டர்' ஆனார். ஷேக்ஸ்பியரின் 'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் இந்த இரண்டு பொருளையும் வைத்துச் சிலேடை பேசுகிறான். ஓர் அரசுப் பதவியின் பெயரே ஏமாற்றுக்காரனுக்குப் பெயராகிவிட்டது என்றால் மக்கள் அந்தப் பதவியிடம் என்ன பட்டிருப்பார்கள்!

பட்டது என்ன என்பது சட்டங்களிலேயே தெரிகிறது. எதை ஒரு சட்டம் தடுக்கிறதோ அது நடந்துகொண்டிருந்தது என்று கொள்ளலாம். 1215-இன் மகா சாசனத்தை நாம் பெரும்பாலும் 'சட்டத்தின் ஆட்சி' என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அதன் தொடக்க விதிகளில் பல வாரிசுகளையும் விதவைகளையும் பற்றியவை. சிறுவனின் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் நியாயமான வருமானம் மட்டுமே எடுக்க வேண்டும். ஆட்களையும் பொருளையும் அழிக்கக் கூடாது. வீடு, குளம், ஆலை எல்லாவற்றையும் பராமரித்து, பையன் வளர்ந்ததும் ஏர்க்கலப்பைகளோடு திருப்பித் தர வேண்டும். விதவை தன் கணவன் வீட்டில் 40 நாள் தங்கலாம்; அதற்குள் அவள் பங்கைப் பிரித்துத் தர வேண்டும்; அவள் விருப்பமில்லாமல் மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது.

எஸ்சீட்டர் என்ற தனிப் பதவி வந்த பிறகும் புகார்கள் ஓயவில்லை. 1274-75-இல் முதலாம் எட்வர்டு நாடு தழுவிய விசாரணை நடத்தியபோது, அதிகாரிகளின் அத்துமீறல்களும் கேள்விப் பட்டியலில் இருந்தன. 1275-இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், உரிய ஆணையின்றி எந்த எஸ்சீட்டரும் ஒருவருடைய நிலத்தைப் பறிக்கக் கூடாது என்றது. 1289-இல் எட்வர்டு மூன்றாண்டு வெளிநாட்டு வாசம் முடித்துத் திரும்பினார். குறைகேட்க ஓர் ஆணையம் அமைத்தார். பதவி இழந்து தண்டனைக்கு உள்ளானவர்களில் எஸ்சீட்டராக இருந்த ஹென்றி டி பிரே என்பவரும் ஒருவர்.

1301-இல் இன்னொரு விதி வந்தது. எஸ்சீட்டர் நிலத்தை எடுத்த பிறகு, விசாரணையில் அரசருக்கு அதில் உரிமை இல்லை என்று தெரிந்தால், நிலத்தோடு இடைக்கால வருமானத்தையும் திருப்பித் தர வேண்டும். 1340-இல் ஒருவர் ஓராண்டுக்கு மேல் இந்தப் பதவியில் இருக்கக் கூடாது என்றார்கள். 1368-இல் ஆண்டுக்கு 20 பவுண்டு வருமானமுள்ள நிலம் சொந்தமாக இருப்பவரே எஸ்சீட்டர் ஆகலாம் என்றார்கள். அவர் தப்பு செய்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டுமல்லவா! விசாரணையின் முடிவை எதிர்த்து வழக்காடும் உரிமையும் வந்தது. அரசர் பெயரால் எழுதப்பட்ட பதிலை ஒரு சாதாரண உரிமையாளர் மறுக்கலாம்.

மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இந்த இடத்தைத்தான். அரசர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. எடுப்பதற்கு ஒரு முறை வந்தது. பக்கத்தில் வாழ்கிறவர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும், பதிலை எழுத வேண்டும், அந்த எழுத்தை மறுக்க வழி இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் எஸ்சீட்டர் சீட்டர் ஆகிவிடுவார்.

வயதுக்குச் சாட்சி

ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுக்கு இந்தப் பகுதி பயன்படும். சிறுவன் வளர்ந்து 21 வயதானதும் தன் நிலத்தைக் கேட்டு வருவான். பெண் வாரிசு மணமானவள் என்றால் 14 வயதிலேயே கேட்கலாம். வயதை எப்படி நிரூபிப்பது? இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் கட்டாயமானதே 1538-இல்தான். அதற்கு முன் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. எஸ்சீட்டர் மறுபடியும் பன்னிரண்டு பேரைக் கூட்டுவார். "இவன் 21 ஆண்டுகளுக்கு முன் பிறந்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். அன்றைக்குத்தான் என் மகளுக்கும் ஞானஸ்நானம் என்பார் ஒருவர். அந்த வாரம் குதிரையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது என்பார் இன்னொருவர். என் வீடு தீப்பிடித்தது, அப்பாவைப் புதைத்தேன், யாத்திரை புறப்பட்டேன் என்று வரிசையாக வரும்.

நம் ஊரில் பாட்டிமாரைக் கேட்டால் இதே பதில்தான். புயல் அடித்த வருஷம், பெரிய வெள்ளம் வந்த ஐப்பசி, கோயில் கும்பாபிஷேகத்துக்கு மறுநாள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் உள்ள மூன்று பெரியவர்களிடம் "நான் பிறந்த நாளில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பிறகு அதைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பொருந்தாத இடம் வந்தால் அதுதான் பாடம்.

மேல்வகுப்புக்கு இதில் இன்னொரு சுவை உண்டு. பல 'வயது நிரூபண' ஆவணங்களில் ஒரே நினைவுகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வாரிசு, ஆனால் ஒடிந்த கால் மட்டும் அதே கால்! எழுத்தர் முன்மாதிரியைப் பார்த்து நிரப்பியிருக்கிறார். முத்திரையிட்ட அரசு ஆவணம் என்பதாலேயே அதில் உள்ளது நடந்தது என்று ஆகிவிடாது. வாரிசின் வயது உண்மையாக இருக்கலாம், சாட்சியின் கதை பொய்யாக இருக்கலாம். முதன்மைச் சான்று என்றால் என்ன என்று இலக்கணம் சொல்லி விளக்குவதைவிட இந்த ஒடிந்த கால் நன்றாக விளக்குகிறது.

சகுந்தலையின் கணவன் கேட்ட கேள்வி

வாரிசு இல்லாச் சொத்து அரசனுக்கு என்பது இங்கிலாந்தின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. காளிதாசனின் சாகுந்தலத்தில் ஆறாம் அங்கம் நினைவிருக்கலாம். கடல் வணிகன் ஒருவன் கப்பல் உடைந்து இறக்கிறான், பிள்ளை இல்லை, சொத்து அரசனைச் சேரும் என்று அமைச்சர் எழுதி அனுப்புகிறார். துஷ்யந்தன் உடனே ஒப்புக்கொள்வதில்லை. அவன் மனைவியரில் யாராவது கருவுற்றிருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்கிறான். ஒருத்தி இருக்கிறாள். வயிற்றில் உள்ள பிள்ளைக்கே சொத்து என்று முடிவாகிறது. எஸ்சீட்டரும் இதைக் கேட்டாக வேண்டும். விதவை கருவுற்றிருந்தால் குழந்தை பிறக்கும் வரை வாரிசு யார் என்ற பதில் காத்திருக்கும்.

தஞ்சாவூரில் கேட்கப்படாத கேள்வி

இங்கிலாந்தில் 1660-இல் நிலப்பிரபுத்துவக் கடமைகள் சட்டத்தால் நீக்கப்பட்டன. எஸ்சீட்டரின் வேலையும் பெரும்பாலும் முடிந்தது. சிறுவர் சொத்தை அரசு பார்த்துக்கொள்ளும் முறை மட்டும் கம்பெனியோடு கடல் கடந்து இங்கே வந்தது. சென்னை மாகாணத்தில் 1804-இல் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' ஒழுங்குமுறை வந்தது. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி சிறுவராக இருந்த 1873 முதல் 1889 வரை அந்த ஜமீன் அதன் பொறுப்பில்தான் இருந்தது.

டல்ஹௌசியின் வாரிசு இழப்புக் கொள்கையை எட்டாம் வகுப்பில் நடத்துகிறோம். சதாரா 1848, ஜான்சி, நாக்பூர் என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். மேலாதிக்க அரசு ஒன்று, அதற்குக் கட்டுப்பட்ட அரசுகள் பல, கட்டுப்பட்டவரின் வம்சம் அற்றால் நாடு மேலே திரும்பும் என்ற அதன் தர்க்கம் எஸ்சீட்டின் தர்க்கத்தை ஒத்தது. தத்துப்பிள்ளையை அரசுரிமைக்கு ஏற்க மறுத்ததுதான் அதில் உள்ள கத்தி.

1855-இல் தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி அந்த அரச பதவியையே முடித்துவைத்தது. அதோடு நிற்கவில்லை. 1856-இல் கம்பெனியின் ஆணையர் படைவீரர்களோடு கோட்டைக்கு வந்து, மன்னரின் தனிச் சொத்து உட்பட எல்லாவற்றையும் கைப்பற்றி முத்திரை வைத்தார். மூத்த ராணி காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார், வென்றார். கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859-இல் தீர்ப்பு மாறியது. இது ஓர் அரசின் செயல். நியாயமா அநியாயமா என்று விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்பதே அதன் சாரம். 1862-இல் தனிச் சொத்து குடும்பத்துப் பெண்களிடம் திரும்பி வந்தது. அது அரசு தானாகக் கொடுத்தது, நீதிமன்றம் வாங்கித் தந்தது அல்ல.

தங்கள் நாட்டில் 1301-லேயே எஸ்சீட்டர் எடுத்த நிலத்தைத் திருப்பித் தர விதி செய்தவர்கள், ஐந்நூற்றைம்பது ஆண்டு கழித்துத் தஞ்சாவூரில் கேள்வியே கேட்கக் கூடாது என்றார்கள். என்னைப் பொறுத்தவரை காலனிய ஆட்சி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் பாடநூலில் கிடைப்பது அரிது.

இன்றும் வாரிசு இல்லாச் சொத்து அரசுக்குத்தான். அரசமைப்புச் சட்டத்தின் 296-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவில், அந்தச் சொத்தின் கடன்களும் பொறுப்புகளும் அரசையே சேரும் என்கிறது.

வகுப்பறையில்

இரண்டு பாடவேளை போதும். முதல் வேளையில் விசாரணையை நடிக்க வைக்கிறேன். ஒருவர் எஸ்சீட்டர், ஒருவர் எழுத்தர், பன்னிரண்டு பேர் ஊரார், ஒரு விதவை, ஒன்பது வயது மகன், நிலம் தனக்கே என்று வாதாடும் பங்காளி ஒருவர். வசனம் எழுதித் தருவதில்லை. ஆறு கேள்விகளை மட்டும் பலகையில் எழுதிவிடுவேன். சென்ற ஆண்டு விதவையாக நடித்த மாணவி, "ஐயா, நான் இந்த வீட்டை விட்டு எப்போது போகணும்?" என்று எஸ்சீட்டரைக் கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. மகா சாசனத்தின் 40 நாள் விதியை அந்த இடத்தில் நான் சொன்னதும் வகுப்பு கவனித்த விதம் வேறு. ஊரார் பன்னிருவரில் பெண்கள் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. மாணவிகள் கேட்காமல் விடுவதில்லை.

இரண்டாம் வேளையில் நான்கு பேர் கொண்ட குழுக்களுக்கு ஒரு வெற்று அட்டவணை. இடைக்கால இங்கிலாந்து, தஞ்சாவூர் 1855, இன்றைய வாரிசுச் சான்றிதழ் என மூன்று பத்திகள். இடப்புறம் கேள்விகள்: இறந்தவர் யார், உரிமை கோருபவர் யார், யாரிடம் கேட்டார்கள், யார் எழுதினார்கள், மறுத்து எங்கே போகலாம். மூன்றாம் பத்தியைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு நிரப்பி வருவார்கள். கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரித்தது, வருவாய் ஆய்வாளர் அறிக்கை கொடுத்தது, வட்டாட்சியர் கையெழுத்திட்டது எல்லாம் வரும். அண்மையில் வீட்டில் இறப்பு நிகழ்ந்த பிள்ளை இருந்தால் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் பத்தியை ஒப்படைக்கலாம். தஞ்சாவூர்ப் பத்தியில் 'யாரிடம் கேட்டார்கள்' என்ற கட்டம் பெரும்பாலான குழுக்களில் காலியாகவே வந்து சேர்கிறது. நான் அதைத் திருத்துவதில்லை.